இறங்குமிடம்

கூட்டம் வாசகசாலையில்.
செயலாளர் ஞானதீபம் கண்ணாடியைத் துடைத்து வாசித்தார்:
"கூரையும் தரையும் சேர்த்து
சதுர அடிக்கு ஒரு ரூபாய்.
ஓடை தூர்வார, உடைந்த சிலாப் மாற்ற.
யார் வீட்டு வெள்ளம் எவ்வளவு ஓடைக்கு வருதோ
அவ்வளவு."

என் பெயருக்கு நேரே
ஆயிரத்து எண்ணூற்று ஏழு.
வார்ப்பு ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து,
முற்றத்து இன்டர்லாக் அறுநூற்று அறுபத்திரண்டு.

எழும்பினேன்.
இருபத்தொரு வருஷம் குழித்துறை டிப்போ கண்டக்டர்.
"மழைக்கு நான் என்ன டிக்கெட்டா கிழிச்சேன்?
அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது."
பின்வரிசை சிரித்தது.
ஞானதீபம் சிரிக்கவில்லை.
"உம்ம வீட்டுல எறங்கினா காசு இல்ல வோய்.
எறங்காமப் போனாத்தான் காசு.
முற்றத்துலயே எறக்கிக் காட்டும்,
நூத்துக்கு நாப்பது தள்ளுபடி."

தள்ளுபடி என்ற சொல்லுக்குத்தான் போனேன்.
மழைக்காக இல்லை, மண்ணுக்காக இல்லை.

வார விடுப்பில், அயனி மூட்டில்
நாலு வரிசைக் கல்லைப் பெயர்த்தேன்.
அடியில் மண் வெளிறிக் கிடந்தது,
கட்டுப் பிரித்த விரல்போல.
மூன்றடியில் செம்பாறை.
கடப்பாரை ணங் என்று திரும்பி வந்து
தோள்பட்டையில் ஏறிக்கொண்டது.
ஆறடி போனேன். ஜல்லி, பொடிஜல்லி, மணல்.
மாடிக் குழாயை எல்போ வைத்துத் திருப்பினேன்.

சோதிக்க வந்தது மோட்டார் ரிப்பேர் ரசலையன்.
ஒரு பேரல் தண்ணீரைக் கவிழ்த்தான்,
வாட்சைப் பார்த்தான்.
ஒரு மணிக்கூர்.
ஜன்னலோர சீட்டு கிடைத்தவன்போல
மானத்தைப் பார்த்தபடி தண்ணீர் அங்கேயே இருந்தது.
"மணலைக் கழுவாம போட்டிருக்கீரு. சேறு அடைச்சிட்டு.
வாரிக் களைஞ்சிட்டு வேற போடும்."
இரண்டாவது தடவை
நாற்பது நிமிஷத்தில் இறங்கியது.
நோட்டில் ஒரு டிக்.

ஐப்பசி. பேச்சிப்பாறை கடைசி டிரிப் முடிந்து
வீடு வரும்போது பதினொன்றரை.
கோரிக் கொட்டிக்கொண்டிருந்தது.
டார்ச் அடித்தேன்.
குழாயில் வந்த வெள்ளம்
குழிவாயில் ஒரு சுற்று சுற்றி
தொண்டைக்குள் என்னவோ சொல்லி இறங்கியது.
முண்டாமல், தள்ளாமல்,
என் வண்டியில் ஒருநாளும் பார்க்காத ஒழுங்கு.

பிறகுதான் பள்ளத்து வீட்டைப் பார்த்தேன்.
ரெஜிலா வீடு. இருட்டு.

மழை ராத்திரியெல்லாம் அங்கே விளக்கு எரியும்.
பதினொரு வருஷமாக,
நான் இன்டர்லாக் போட்ட வருஷத்திலிருந்து.
டிவி பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.
கூட்டத்தில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்,
என் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை:
"அரிசிச் சாக்கைக் கட்டிலுல ஏத்தி வைக்க
ஒருத்தர் முழிச்சிருக்கணும்லா."

வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீர்.
வெளியூர்க்காரனுக்கு அது வேறு.
ரெஜிலாவுக்கு இரண்டு அர்த்தமும் தெரியும்.
என் ஸ்டாப்பில் இறங்கவேண்டிய மழையை
டபுள் விசில் கொடுத்து
அவள் அடுக்களைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் ரசீது வாங்கப் போனேன்.
தள்ளுபடி எழுநூற்று இருபது.
என் கணக்கில்
எழுநூற்று இருபத்திரண்டு ரூபாய் எண்பது பைசா.
"மீதி?" என்றேன்.
புத்தி அப்படி, என்ன செய்ய.
ஞானதீபம் ரசீதைத் திருப்பி
முதுகில் 2.80 எழுதி வட்டம் போட்டார்.
"எறங்கும்போது வாங்கிக்கிடும்."

இருபத்தொரு வருஷமாக நான் சொல்லிவரும் வாக்கு.
எத்தனை பேர் கேட்க மறந்து
மழையில் தலையை மூடிக்கொண்டு
ஓடியிருப்பார்கள்.

வரும் வழியில் ரெஜிலா
வாசலில் சாளை உரசிக்கொண்டிருந்தாள்.
"ராத்திரி நல்ல மழை" என்றேன்.
"பெஞ்சுதா?" என்றாள்.
"நான் ஒறங்கிப்போனேன்."